தாமான் நெகாரா மழைக்காட்டில் நண்பர்களோடு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தாமான் நெகாரா போகலாம் என்று முடிவானதும், ஏற்பாடு முழுவதும் யாராவது ஒருவர் தலையில் விழும். இந்தப் பக்கம் அந்த ஒருவருக்காக. கோலாலம்பூர், கிள்ளான், ஜொகூர் பக்கமிருந்து கிளம்புகிறவர்களும் சிங்கப்பூர், சென்னையிலிருந்து வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

தாமான் நெகாராவில் அப்படி என்ன இருக்கிறது? எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே காடு இருக்கிறதே?

இருக்கிறது, போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் தீபகற்ப மலேசியாவில் இவ்வளவு பெரிதாக, வெட்டப்படாமல், தொடர்ச்சியாக நிற்கும் தாழ்நிலக் காடு மிகக் குறைவு. பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. 1938-39இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் தேசியப் பூங்கா ஆனது, சுதந்திரத்துக்குப் பிறகுதான் இப்போதைய பெயர். 13 கோடி ஆண்டுப் பழமை என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருப்பார்கள். அதற்கு அங்கே நிற்கும் மரங்களுக்கு அந்த வயது என்று பொருள் இல்லை. பனியூழிகளில் உலகின் வடபகுதிகளைப் பனி மூடியபோதும் இந்தப் பக்கம் பனி வரவில்லை, அதனால் காடு முழுதாக அழிந்து மறுபடி முளைக்க வேண்டிய நிலை இங்கே ஏற்படவில்லை என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை.

எப்படிப் போவது? படகா, சாலையா?

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் ஜெராண்டுட் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து கோலா தகான் கிராமத்துக்குச் சாலையில் ஒன்றரை மணி நேரம். சொந்தக் கார் என்றால் நேராகக் கோலா தகான் வரை போய்விடலாம். பூங்கா அலுவலகம் ஆற்றுக்கு அக்கரையில், சின்னப் படகில் கடந்தால் இரண்டு நிமிடம். அனுமதிச் சீட்டை அங்கே வாங்க வேண்டும், கட்டணம் சொற்பம்தான்.

இன்னொரு வழி, கோலா தெம்பிலிங் துறையிலிருந்து தெம்பிலிங் ஆற்றில் நீண்ட மரப்படகில் மேலே போவது. கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகும். முடிந்தால் போகும்போது ஒருமுறையாவது இதைத் தேர்ந்தெடுங்கள். வழியில் எருமைகள் தண்ணீரில் கிடக்கும், மீன்கொத்தி பறக்கும், கிராமங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து கரை முழுக்கக் காடாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஆட்கள் சேராவிட்டால் படகு கிளம்பாது, ஆற்றில் தண்ணீர் இறங்கினாலும் கிளம்பாது, அதனால் முந்தின நாள் போன் செய்து கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

இரண்டு வழியில் எதில் போனாலும் ஜெராண்டுட்டிலேயே ரொக்கப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் போய் ஏடிஎம் தேடி அலைய வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் முதல் செப்டம்பர் வரை. மழைக்காடு என்பதால் அப்போதும் மழை பெய்யும், பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஆறு பொங்கும், சில பாதைகளை மூடிவிடுவார்கள். 2014 டிசம்பரில் பகாங்கில் பெருவெள்ளம் வந்தபோது சுற்றுலாப் பயணிகள் தாமான் நெகாராவிலேயே சிக்கிக்கொண்டு மீட்கப்பட்டார்கள். பள்ளி விடுமுறை டிசம்பரில்தான் கிடைக்கிறது என்றால் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் மாரத்தான் ஓடுகிறவர்கள், ஒருவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவார். சேர்ந்து போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் யாருடைய வேகத்தில் நடப்பது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். அவரை வரிசையில் முன்னால் விடுங்கள், அல்லது முதல் ஆளுக்கு அடுத்ததாக. பின்னால் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா? முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிக் காத்திருப்பார்கள், இவர் மூச்சு வாங்கியபடி வந்து சேரும் அந்த நிமிடத்தில் "சரி, வந்தாச்சு, போகலாம்" என்று எழுந்துவிடுவார்கள். நாள் முழுக்க ஓய்வே இல்லாமல் நடப்பவர் குழுவிலேயே பலவீனமான ஆள்தான் என்று ஆகிவிடும். மத்தியானம் மூன்று மணிக்கு அவருக்குக் கால் தடுமாறும், கணுக்கால் பிசகும், அப்புறம் அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியது அந்த மாரத்தான்காரர்கள்தான்.

கடைசியில் நடக்க அனுபவமுள்ள ஒருவரைப் போடுங்கள். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. காலைக்கடனுக்கு ஒதுங்கினாலும் சொல்லிவிட்டு, பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இன்னொன்று, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்புவது என்றால் அருவி இன்னும் பத்து நிமிடத்தில் என்றாலும் ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். காட்டுக்குள் ஆறரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், வெளியே ஆற்றங்கரையில் வெளிச்சம் மீதி இருந்தாலும் மரங்களுக்கு அடியில் கால் வைக்கும் இடம் தெரியாது.

மெதுவாக நடந்தால் குறைவாகப் பார்ப்போம் என்று வேகக்காரர்கள் பயப்படுவார்கள். இந்தக் காட்டில் அது நேர்மாறு. வேகமாகப் போகிறவருக்குத் தெரிவது முன்னால் போகிறவரின் முதுகும் தன் காலடியும்தான். இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் குச்சிப்பூச்சி, பலகை வேருக்குள் முளைத்த காளான், மேலே இருவாச்சி பறக்கும்போது அதன் சிறகு எழுப்பும் பெருமூச்சுச் சத்தம், இதெல்லாம் நின்று நிதானிக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதையில் நடக்கலாம்?

முதல் நாள் புக்கிட் தெரெசெக். 300 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள குன்று, நிறையப் படிக்கட்டு போட்டிருக்கிறார்கள். காலை ஏழரைக்கெல்லாம் ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் குனோங் தகான் மலைத்தொடர் தெரியும். குழுவில் யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று இந்த ஏற்றத்திலேயே புரிந்துவிடும், இதை முதலில் வைப்பதற்குக் காரணமே அதுதான். இறங்கும் வழியில் மரங்களுக்கு இடையே கட்டிய தொங்குபாலம், ஏறத்தாழ 500 மீட்டர் நீளம், மிக உயரமான இடத்தில் தரையிலிருந்து 40 மீட்டர். பலகை ஆடும். உயரம் பயம் உள்ளவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், நடுவில் நின்றுவிட்டால் அவருக்கும் கஷ்டம், பின்னால் வருகிறவர்களுக்கும் கஷ்டம். வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், பராமரிப்புக்காகச் சில பகுதிகள் அடைபட்டிருப்பதும் உண்டு, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் லாத்தா பெர்கோ. தகான் ஆற்றின் மேல்பகுதியில் பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் நீரோட்டம், கீழே குளிக்க ஆழமான மடு. போகும்போது நடந்து, திரும்பும்போது படகில் வரலாம், முன்கூட்டியே படகுக்காரரிடம் நேரம் சொல்லி வைத்தால் போதும். இந்த ஆற்றுப் பயணத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இரு கரையிலிருந்தும் நேராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நின்று தலைக்கு மேல் ஒன்றோடொன்று கிளை கோத்திருக்கும், கிளைகளில் பெரிய பெரிய பெரணிச் செடிகள் கூடு கட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் தேயிலைச் சாயம் நிறத்தில் தெளிவாக ஓடும். வழியில் லுபோக் தெனோர் என்ற இடத்தில் கெலா மீன்களுக்கான காப்பிடம் இருக்கிறது. அங்கே மீன் பிடிக்கக் கூடாது, மீன்கள் ஆள் கால் வரை வந்து உரசும்.

குவா தெலிங்கா குகையும் பக்கம்தான், இரண்டரைக் கிலோமீட்டர். ஓடைத் தண்ணீரில் தவழ்ந்து, வௌவால் எச்சத்தில் கை வைத்துப் போக வேண்டும். பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இடுக்கு பயம் இருந்தால் வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.

அட்டை கடிக்குமா?

கடிக்கும். மழை பெய்த பாதையில் நடந்தால் நிச்சயம் கடிக்கும், இதை மறைத்து நண்பர்களை அழைத்துப் போகாதீர்கள். தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பது தெரியவே தெரியாது, காலுறையைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். இலைகளில் காத்திருக்கும் கோடு போட்ட அட்டை இடுப்பு, கை, கழுத்து என்று ஏறும், அது கடித்தால் சுருக்கென்று இருக்கும். அட்டையால் நோய் வந்ததாகப் பயப்பட வேண்டியதில்லை. ரத்தத்தை உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது, அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து நீண்ட நேரம் கசிகிறது. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் இழக்கும் ரத்தம் கொஞ்சம்தான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குழுவில் இருந்தால் அவர்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

எடுக்கும்போது லைட்டர் வைத்துச் சுடுவது, உப்பு கொட்டுவது எல்லாம் வேண்டாம். வேதனையில் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய முனைப் பக்கம்தான் வாய், அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி ஒரு பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாள் அரிக்கும், சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

தடுக்க, முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியில் தைத்த அட்டைக் காலுறை கிடைக்கிறது, பேண்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள். வழிகாட்டிகளில் சிலர் புகையிலை ஊறிய தண்ணீரைக் காலணியில் தடவுவார்கள். நின்று பேசும்போது காய்ந்த பாறை மேல் நில்லுங்கள், இலைச் சருகில் நிற்காதீர்கள்.

என்ன காலணி?

விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் கறுப்பு ரப்பர்க் காலணி, எல்லாரும் 'கம்போங் அடிடாஸ்' என்று சொல்வது, வழிகாட்டிகள் காலில் இருப்பது அதுதான். அடியில் முள் முள்ளாக இருப்பதால் சேற்றில் வழுக்காது, ஆற்றில் இறங்கினால் தண்ணீர் உடனே வடிந்துவிடும், விலையும் மலிவு. ஒரு அளவு பெரிதாக வாங்கித் தடித்த காலுறையோடு போடுங்கள், இரண்டு வாரம் முன்பே வீட்டுப் பக்கம் நடந்து பழகுங்கள். பாதம் தட்டையாக இருப்பவர்களுக்கும் கனமான பை சுமப்பவர்களுக்கும் இது வலி கொடுக்கலாம், அவர்கள் பழகிய பூட்ஸிலேயே வரட்டும். ஜீன்ஸ் மட்டும் யாரும் போட வேண்டாம், நனைந்தால் காயவே காயாது.

புலி, யானை பார்க்க முடியுமா?

காட்டில் இருக்கின்றன. பார்ப்பீர்கள் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். மலாயாப் புலி காட்டில் 150க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்று 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொன்னது. அவற்றின் முக்கியமான புகலிடங்களில் இந்தக் காடும் ஒன்று. வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணிகளே இந்தப் புலிகளைத் தீர்த்துவிடும் அளவுக்கு நிலைமை மோசம். புலியைப் பார்க்காமல் திரும்பியதை ஏமாற்றமாக நினைக்காதீர்கள், அது இன்னும் இருக்கும் காட்டில் நடந்தோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உறுதியாகக் கிடைப்பது வேறு. யானைச் சாணமும் குழி குழியான தடமும், காட்டுப்பன்றி, சருகுமான், உடும்பு, குரங்கு, காலையில் தொலைவிலிருந்து ஏறி ஏறி வரும் கிப்பன் குரங்கின் கூவல். மாலையில் சிள்வண்டுகள் ஒரே நேரத்தில் தொடங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இதையெல்லாம் கேட்க வேண்டும் என்றால் ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் பழக்கத்தை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காட்டுக்குள் இரவு தங்க முடியும் என்கிறார்களே?

முடியும். விலங்குகள் உப்பு மண் நக்க வரும் இடங்களைப் பார்த்தபடி தூண்மேல் கட்டிய குடில்கள் உண்டு, பும்புன் என்பார்கள். நான் பரிந்துரைப்பது பும்புன் கும்பாங். கோலா தகானிலிருந்து 11 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேர நடை. நடக்க முடியாதவர்கள் படகில் கோலா திரெங்கான் வரை போய் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம், ஆக எல்லாரும் இரவில் ஒன்றுசேரலாம். மரக்கட்டில் மட்டும் இருக்கும், மின்சாரம் கிடையாது. அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

இரவில் இரண்டிரண்டு பேராக முறை வைத்து விழித்திருங்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். தப்பீர், அதாவது பன்றி போன்ற உடலும் குட்டைத் தும்பிக்கை போன்ற மூக்கும் உள்ள விலங்கு, வந்தால் தலையும் கால்களும் கறுப்பு, முதுகும் வயிறும் வெள்ளை என்று சட்டென அடையாளம் தெரியும். பேச்சும் சமையல் வாசனையும் இருந்தால் எதுவும் வராது. எலிகள் மட்டும் கட்டாயம் வரும், உணவுப் பையைக் கயிற்றில் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் பையையே கடித்து ஓட்டை போட்டுவிடும்.

குனோங் தகான் ஏற ஆசை. முதல் தடவையே ஏறலாமா?

வேண்டாம். 2,187 மீட்டர், தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரம். உயரத்தை விடத் தூரம்தான் ஆளைச் சோதிக்கும். கோலா தகானிலிருந்து உச்சிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், போய் வர ஏழு நாள், ஒன்றன்பின் ஒன்றாகக் குன்றுகள் ஏறி இறங்கித் தகான் ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டும். மெராப்போ பக்கமிருந்து சுங்கை ரெலாவ் வழியாகப் போனால் நான்கு நாள். வழிகாட்டி கட்டாயம். பல பிரிட்டிஷ் முயற்சிகள் தோற்ற பிறகு 1905இல் உச்சியை முதலில் தொட்டவர்கள் நான்கு மலாய்க்காரர்கள். ஒருநாள் நடையையும் ஒரு பும்புன் இரவையும் உங்கள் குழு சண்டையில்லாமல் முடித்துவிட்டால், அடுத்த ஆண்டுக்கு மெராப்போ பாதையை யோசியுங்கள்.

சாப்பாடு? எங்களில் இருவர் சுத்த சைவம்.

கோலா தகான் ஆற்றங்கரை மிதக்கும் கடைகளில் நாசி கோரெங், மீ, தொம் யாம், வறுத்த மீன் கிடைக்கும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் பிளாச்சான் என்ற இறால் விழுதோ நெத்திலியோ அதில் சேர்ந்துவிடும், அதனால் "தா மாவ் பிளாச்சான், தா மாவ் இக்கான் பிலிஸ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். மது அங்கே எதிர்பார்க்காதீர்கள், மலாய்க் கிராமம்.

காட்டு நடைக்குப் புளிச்சோறுதான் சரி. காலையில் கட்டியது மாலை வரை கெடாது, புளியும் உப்பும் வியர்வையில் போனதை ஈடுகட்டும். தேங்காய்ச் சாதம், நாசி லெமாக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அந்த வெக்கையில் மத்தியானத்துக்குள் ஊசிவிடும். கூடவே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதில் ஒரு லிட்டரில் உப்புச்சத்துப் பொடி கலந்தது. ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். குப்பை ஒன்று விடாமல் திரும்ப வர வேண்டும், ஆரஞ்சுத் தோலும் சேர்த்துத்தான்.

வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். தவறியது தெரிந்த இடத்திலேயே உட்காருங்கள். தேடப் போகிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் பிரியாதீர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு விசில் இருக்கட்டும், மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று. உள்ளே போனில் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள், தங்குமிடத்தில் எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நீண்ட பாதைகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்துங்கள், ஐந்து பேர் பகிர்ந்தால் பெரிய தொகை இல்லை.

பிரம்புக் கொடியின் கொக்கி முள் சட்டையில் மாட்டினால் முன்னே இழுக்காமல் ஓரடி பின்னால் வையுங்கள், தானே விடும்.

திரும்பி வந்து காய்ச்சல் வந்தால்?

உடனே மருத்துவரிடம் போய், காட்டில் நடந்தேன், ஆற்றில் குளித்தேன், குகைக்குள் போனேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் ஆற்று நீர், சேறு வழியாகக் காயத்தில் புகும். குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா மலேசியக் காடுகளில் இருக்கிறது. டெங்கி என்று நினைத்து வீட்டிலேயே காத்திருந்தால் ஆபத்து. ஒரு மாதம் வரை இந்த எச்சரிக்கையை மனத்தில் வைத்திருங்கள்.

பாத்தேக் மக்களின் குடியிருப்பைப் பார்க்க அழைத்துப் போவார்களாமே, போகலாமா?

பாத்தேக் மக்கள் இந்தக் காட்டில் வேட்டையாடியும் கிழங்கும் பிரம்பும் சேகரித்தும் இடம் மாறி மாறி வாழும் பூர்வகுடிகள். பூங்கா எல்லை வரையப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருப்பவர்கள். படகில் அழைத்துப் போய் ஊதுகுழல் அம்பும் தீக்கடைதலும் காட்டுவார்கள். எனக்கு இதில் தயக்கம் உண்டு, காரணம் அது அவர்கள் வீடு, நாம் அரைமணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். போவதாக இருந்தால், கொடுக்கும் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று ஏற்பாடு செய்பவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்காமல் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, படம் எடுக்காதீர்கள். மிட்டாய் வீசாதீர்கள். வழிகாட்டியாகவே ஒரு பாத்தேக்காரர் கிடைத்தால் அவரோடு ஒரு நாள் நடப்பது இதைவிட நூறு மடங்கு மேல், எந்தக் கொடியை வெட்டினால் குடிநீர் வரும், எந்தத் தடம் இன்று காலையுடையது என்று அவர் காட்டக் காட்ட அதே பாதை வேறாகத் தெரியும்.

முக்கியமாக, உங்களில் யாருக்காவது இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2019இல் கிளந்தானில், பூங்காவை ஒட்டிய கோலா கோ பாத்தேக் குடியிருப்பில் தட்டம்மை பரவிப் பலர் இறந்தார்கள். நோய் உள்ளவர் அறையிலேயே இருக்கட்டும், துணைக்கு ஒருவர் தங்கட்டும், மற்றவர்களும் குடியிருப்பை விட்டுவிட்டு வேறு பாதையில் நடந்துவிட்டு வரட்டும்.